தகரத் துண்டு முதல் முகாம் அட்டை வரை: கடல் கடந்த சேரியின் குடியுரிமை

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1898ஆம் ஆண்டு பண்டிதர் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்புக்குப் போனார். அங்கே சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்று, பௌத்தராகத் திரும்பினார். இந்த வரலாற்றை இந்த மேடையில் பலரும் பேசியிருக்கிறார்கள். நான் அதில் ஒரு சிறு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பண்டிதர் போனபோது பாஸ்போர்ட், விசா எதுவும் தேவைப்படவில்லை. இந்தியா, இலங்கை இரண்டையும் ஒரே பிரிட்டிஷ் முடிதான் ஆண்டது. இரு கரையிலும் இருந்தவர்கள் அதன் பிரஜைகள்.

அதே கடலை அதே காலத்தில் நம் சேரி ஜனங்களும் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பண்டிதர் சில நாட்களில் திரும்பிவிட்டார். அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் தங்கிவிட்டார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்தக் கடலில் ஒரு எல்லை வந்தது. தங்கியவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். பக்கத்து நாட்டில் வாழ்ந்தால் குடியுரிமை என்ன ஆகும் என்ற கேள்விக்கு, தமிழில் இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. அந்தப் பாடம் முடியவும் இல்லை. நம் வேலூர் மேல்மொணவூர் முகாமில் அது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

வெளிநாட்டில் இருந்தால் குடியுரிமை போய்விடுமா?

இந்தக் கேள்வியை ஆம்பூரில் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். துபாய்க்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பியவர்கள் கேட்கிறார்கள். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் பிறந்ததால் குடிமகனாக இருப்பவர், வெளிநாட்டில் எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் அதனால் மட்டும் குடியுரிமை போகாது. தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால்தான் போகும். அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவும், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. இரட்டைக் குடியுரிமை இந்தியாவில் கிடையாது.

பிறப்பால் அல்லாமல், பதிவு செய்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற்றவருக்கு நிலைமை வேறு. அவர் தொடர்ந்து 7 ஆண்டு வெளிநாட்டில் இருந்தால், அரசு நினைத்தால் அந்த உரிமையைப் பறிக்கலாம். படிப்பு, அரசுப் பணி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தூதரகத்தில் ஆண்டுதோறும் பதிந்து வந்தாலும் விலக்கு உண்டு. ஆக, குடியுரிமையிலும் பிறவிக் குடிமகன், பின்னால் வந்த குடிமகன் என்ற வேறுபாடு இருக்கிறது.

ஏட்டில் சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. பிறகு ஏன் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள்? சட்டம் எல்லோரிடமும் ஒரே தாளைக் கேட்கிறது. அந்தத் தாள் எல்லோரிடமும் இருப்பதில்லை. நிலம் இல்லாதவனிடம் பட்டா இல்லை. பள்ளியில் சேர்க்கப்படாதவனிடம் சான்றிதழ் இல்லை. பிரசவம் லயத்திலும் குடிசையிலும் நடந்தால் பிறப்புப் பதிவு இல்லை. சாதி எதை எதை நமக்குக் கொடுக்க மறுத்ததோ, குடியுரிமைச் சட்டம் அதையே ஆதாரமாகக் கேட்டது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

போனவர்கள் யார்?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும்பஞ்சம் நம் வடஆர்க்காட்டையும் விடவில்லை. பண்ணையாட்களாக இருந்தவர்களுக்கு ஊரை விட்டுப் போவது ஒரு தப்பிப்பு. சிலர் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். சிலர் ரங்கூனுக்கும் நேட்டாலுக்கும் போனார்கள். இலங்கைக்குப் பெருமளவில் போனவர்கள் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதியினர். வடஆர்க்காட்டிலிருந்தும் போனார்கள். தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். மற்ற சாதியினரும் இருந்தார்கள். ஆள் பிடித்துக் கூட்டிப்போன கங்காணிகளில் பலர் ஊர்ச் சாதியினர். ஊர், சேரி என்ற அமைப்பு அப்படியே கப்பலேறி, துரை, கங்காணி, லயம் என்று மலையில் நின்றது.

பண்டிதரின் 'தமிழன்' இதழ் 1907இல் தொடங்கியது. ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த நம்மவர்கள் அதை வாங்கிப் படித்தார்கள். கடல் கடந்த சேரி ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும். குடிமதிப்புப் பதிவேட்டில் நம்மை எந்தப் பெயரில் எழுதுவது என்று அரசிடம் வழக்காடியவர் அவர். பதிவேட்டில் எப்படி எழுதப்படுகிறோமோ அப்படித்தான் நடத்தப்படுவோம் என்பதை நமக்கு முன்னரே கண்டவர்.

தோட்டத் தொழிலாளிக்கு அரசு தந்த முதல் அடையாளம் எது தெரியுமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டின் டிக்கெட்' என்ற முறை வந்தது. தகரத்தில் ஒரு சிறு வில்லை. அதில் எந்த எஸ்டேட்டுக்குப் போகிறவர் என்பதைக் காட்டும் எண் அடித்திருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மண்டபம் முகாமைத் தாண்டிப் போனார்கள். இன்னொன்று 'துண்டு'. தோட்டம் மாறும்போது தொழிலாளி தலையில் இருக்கும் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. கடனை அடைக்கும் தோட்டத்துக்குத்தான் ஆள் போக முடியும். 1921இல் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

தகர வில்லை, அந்த ஆள் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று சொன்னது. துண்டு, எவ்வளவு கடன்பட்டவர் என்று சொன்னது. எந்த ஊரில் பிறந்தார், தகப்பன் யார், எப்போது வந்தார் என்று இரண்டும் சொல்லவில்லை. பின்னால் சட்டம் கேட்டது இந்த மூன்றையும்தான்.

1948: தகப்பனுக்குத் தகப்பன்

1948 பிப்ரவரி 4இல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 15இல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தவர் என்பதால் மட்டும் குடிமகன் ஆக முடியாது என்றது அந்தச் சட்டம். தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் கணக்கில் வரவில்லை. மலையில் கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. ஆனால் அவர்கள் வழியாகப் பிள்ளைக்கு எந்த உரிமையும் இறங்காது.

சிங்களக் கிராமத்தானிடமும் தகப்பனின் பிறப்புச் சான்று இருக்காது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. தோட்டத் தமிழனிடம் மட்டும் கேட்டார்கள். இந்த நுட்பம் நமக்குப் பழக்கமானதுதான். விதி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும், கேள்வி மட்டும் சிலரிடம் கேட்கப்படும்.

1946 கணக்குப்படி இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றிருந்தது. அவர்களில் ஒருவர் தலவாக்கலையில் வென்ற எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. இந்த 7 இடங்கள்தான் ஆட்சியாளர்களை உறுத்தின. தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குப் போகிறது என்பது இன்னொரு உறுத்தல். 1949இல் குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கில்லை என்று தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1952 தேர்தலில் மலையகத் தமிழருக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் இல்லை.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். திருமணமானவர் 1939 ஜனவரி 1 முதலும், மற்றவர் 1936 ஜனவரி 1 முதலும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபித்தால் குடியுரிமை தருவோம் என்றார்கள். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்டு வரை அவகாசம். ஏறத்தாழ 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரை குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். ஊரில் தாய் செத்தால் வந்து கொள்ளி வைத்துப் போவார்களே, அந்தப் பயணம் கூட 'இடைவிடாத வசிப்பு' இல்லை என்பதற்குக் காரணமாகலாம்.

இந்தியா என்ன செய்தது?

இலங்கையைத் திட்டிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. இந்திய அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தானோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ இந்தியாவில் பிறந்திருந்து, வெளிநாட்டில் வசிப்பவர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொண்டால் இந்தியக் குடிமகன் ஆவார். தாய்வழியும் செல்லும், மூன்று தலைமுறையும் செல்லும். பாபாசாகேப் தலைமையிலான குழு வரைந்த சட்டத்தில் கடல் கடந்த கூலிக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது.

ஆனால் கதவுக்குப் போகும் வழி மலையில் இல்லை. எஸ்டேட்டை விட்டு வெளியே போகத் துரையின் சம்மதம் வேண்டும். கண்டிக்கும் கொழும்புக்கும் போய்ப் படிவம் எழுத வேண்டும். அப்படிப் பதிந்துகொண்டால் இலங்கையில் உரிமை கேட்கும் வழி அடைந்துவிடும். பிறந்து வளர்ந்த மலையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? டெல்லியோ, "அவர்கள் இலங்கையில் வாழ்கிறவர்கள், இலங்கைதான் பொறுப்பு" என்று சொல்லிவந்தது. கொழும்பு "அவர்கள் இந்தியர்கள்" என்றது. 1954இல் நேரு - கொத்தலாவலை ஒப்பந்தம் வந்தும் சிக்கல் தீரவில்லை.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர் மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு வைத்தார்கள். இந்தியா 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளும். இலங்கை 3 லட்சம் பேரை வைத்துக்கொள்ளும். மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடு மாடுகளைப் பிரிப்பது போலத்தான். ஒப்பந்தத்தில் தொழிலாளர் தரப்பு என்று எதுவும் இல்லை. விருப்பம் கேட்டபோது, இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கை இந்தியா ஒப்புக்கொண்ட எண்ணிக்கையை எட்டவே இல்லை. 'தாயகம் திரும்புதல்' என்ற சொல்லை நாம் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். பலருக்கு அது பிறக்காத ஊருக்கு அனுப்பப்படுதல்.

திரும்பியவர்கள்

எங்கள் ஆயாவின் தங்கை அப்படித் திரும்பியவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளோடு, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரம் இருந்து, எழுபதுகளின் நடுவில் ஆம்பூர் வந்து சேர்ந்தார். ஒரு தகரப் பெட்டி, இரண்டு கம்பளி, ஒரு குடும்ப அட்டை. அங்கே அவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்றார்கள். இங்கே 'சிலோன்காரங்க' என்றார்கள். இரண்டு இடத்திலும் சேரியில்தான் இடம் கிடைத்தது. அவருடைய மூத்த மகன் டேனரியில் ஊறல் தொட்டியில் இறங்கினார். மலையில் குளிரில் நின்ற கால்கள் இங்கே சுண்ணாம்பில் நின்றன.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் அவர்களுக்காகவே 1968இல் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதுதான் டான்டீ. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. கடனும் வேலையும் சிலருக்குக் கிடைத்தன. ஆனால் இன்னொரு தாள் இடறியது. அது சாதிச் சான்றிதழ்.

பட்டியல் சாதி என்பது மாநிலத்தோடு, அதற்குள் வட்டாரத்தோடு கட்டப்பட்டது. 1950 ஆகஸ்டு 10இல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது உன் குடும்பம் எங்கே நிலையாக வசித்தது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்பார்கள். அன்றைக்கு ஆயாவின் தங்கை ஹட்டனில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். தீண்டாமை காரணமாக ஊரை விட்டுப் போன குடும்பம், ஊரில் இல்லாத காரணத்தால் தீண்டாமைக்கு உள்ளான சாதி என்று நிரூபிக்க முடியாமல் நின்றது. அவருடைய பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்காக ஓர் அலுவலகத்துக்கு நானே மூன்று மாதம் நடந்தேன். கடைசியில் கிராமத்துப் பங்காளி ஒருவரின் சான்றிதழும், பழைய குடும்ப அட்டையும் வைத்து வேலை முடிந்தது. பங்காளி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

பர்மா போனவர்கள் கதையும் பக்கத்தில்தான் இருக்கிறது. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். அன்று முதல் தனிக் காலனி. ரங்கூனில் மூட்டை தூக்கியவன் இருந்த இடத்திலேயே இருந்தான், எல்லை அவனைத் தாண்டிப் போனது. 1960களில் அங்கே ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கியபோது பெருந்தொகையாகத் திரும்பினார்கள்.

முகாமில் ஓர் அக்கா, ஒரு தங்கை

1977 கலவரத்துக்குப் பின் மலையகத் தமிழர் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தார்கள். 1983க்குப் பின் அங்கிருந்து படகேறினார்கள். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றது. அதனால் ஒப்பந்தப்படி இந்தியா வர வேண்டியவர்கள் அங்கேயே நின்றார்கள். ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் படகில் வந்தவர்கள் இங்கே 'இலங்கை அகதி' ஆனார்கள். 2021இல் தமிழ்நாட்டு அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர், முகாமுக்கு வெளியே சுமார் 34 ஆயிரம் பேர். இவர்களில் ஒரு பெரும்பகுதி, பாட்டன் காலத்தில் நம் ஊர்களிலிருந்தே போனவர்கள்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தகப்பனின் தகப்பன் குடியாத்தம் பக்கத்துச் சேரியில் பிறந்து, சிறுவயதில் பதுளைக்குப் போனவர். தகப்பன் பதுளைத் தோட்டத்தில் பிறந்து, வவுனியாவுக்குப் போய், 1985இல் மனைவியோடு படகில் வந்தவர். முகாமில் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. அக்கா 1987 ஏப்ரலில். தங்கை 1988 ஆகஸ்டில்.

1955 சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்த எவரும் பிறப்பால் குடிமக்கள். பெற்றோர் யார் என்று கேட்பதில்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாக இருந்தால் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் இருக்கக் கூடாது.

ஆகவே அக்கா இந்தியக் குடிமகள், தங்கை அல்ல. ஒரே முகாம், ஒரே பாய், ஒரே பள்ளிக்கூடம். இடையில் பதினாறு மாதம். அக்காவுக்கும் இது நீண்ட நாள் தெரியாது. முகாமில் 1987க்கு முன் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான் பலர் தங்கள் பிறந்த தேதியை எடுத்துப் பார்த்தார்கள். அக்கா ஆஸ்பத்திரிப் பதிவைத் தேடி எடுத்து, ஓராண்டுக்கு மேல் அலைந்து, வாக்காளர் அட்டை வாங்கினார்.

தங்கை என்ன செய்யலாம்? குடும்பமாக விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். 5ஆம் பிரிவில் 'இந்திய வம்சாவளியினர்' 7 ஆண்டு வசித்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். இவர்களுடைய தகப்பனுக்கு அது பொருந்துகிறது. அவரைப் பெற்றவர் குடியாத்தத்துக்காரர். ஆனால் அதே பிரிவின் முதல் வரியிலேயே, சட்டவிரோதக் குடியேறிக்கு இது இல்லை என்று இருக்கிறது. உரிய ஆவணம் இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர் சட்டவிரோதக் குடியேறி. உயிருக்குப் பயந்து படகில் வந்தவரிடம் விசா எப்படி இருக்கும்? விண்ணப்பத்தோடு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் நகலும் வைக்க வேண்டும். இலங்கை யாருக்குக் குடியுரிமையே தரவில்லையோ அவரிடம் இலங்கைப் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள்.

2003ஆம் ஆண்டைக் கவனியுங்கள். அந்த ஆண்டு அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை தரும் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. மலையில் இருந்தவர்களுக்கு 55 ஆண்டுப் பழி தீர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லைக் குடியுரிமைச் சட்டத்தில் நுழைத்தது. பறித்த நாடு திருப்பிக் கொடுத்த நேரத்தில், பாட்டன் பிறந்த நாடு பூட்டுப் போட்டது.

2019 ஜூன் 17இல் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தார். முகாம்களில் இருந்த 65 பேர் போட்ட வழக்கு. இவர்கள் இந்திய வம்சாவளியினர், இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று எந்திரத்தனமாக ஒதுக்கிவிடக் கூடாது, விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் என்ற மூன்று நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. இலங்கை இல்லை. முஸ்லிம்களும் இல்லை. ஆம்பூரில் நின்று இந்த இரண்டு விடுபடல்களையும் தனித்தனியாகப் பேச முடியாது. தோல் மண்டிகளில் நம் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள். தாள் கேட்கும் அரசு முதலில் நம் இருவரிடமும்தான் வரும்.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. வரவேற்கிறோம். ஆனால் சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பதும் குடிமகன் என்பதும் ஒன்றல்ல.

மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2021 நவம்பர் 2இல் மேல்மொணவூரில்தான் முதலமைச்சர் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். 2023இல் வீடுகள் திறக்கப்பட்டன. ஓட்டைக் கூரையிலிருந்து கான்கிரீட்டுக்கு வந்தது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த வீட்டில் இருப்பவர் மாதக் கணக்கெடுப்புக்கு நேரில் நிற்க வேண்டும். வெளியூர் வேலைக்குப் போக அனுமதி வேண்டும். மலையில் விடிகாலை பிரட்டுக்கு நின்ற பாட்டியை எனக்கு நினைவுபடுத்துகிறது இது. ஷூ கம்பெனியில் அக்காவும் தங்கையும் ஒரே லைனில் அப்பர் தைக்கிறார்கள். ஆதார் இருவரிடமும் உண்டு. ஆதார் வசிப்பதற்கான அடையாளம், குடியுரிமைக்கான ஆதாரம் அல்ல என்பதைத் தங்கை படித்துத்தான் தெரிந்துகொண்டார்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, முகாமில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்த ஒவ்வொருவரையும் கண்டுபிடித்து, பிறப்புச் சான்று எடுத்துக் கொடுக்க வேண்டும். இது சலுகை இல்லை, ஏற்கெனவே அவர்களுடைய உரிமை. பிறப்பைப் பதியாமல் விட்டவர்களுக்குத் தாமதப் பதிவு உண்டு. மன்றத்து இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்யலாம்.

இரண்டாவது, இங்கே பிறந்தவர் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை. அவரைக் குடியேறி என்பது பொருளற்றது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும், இந்திய வம்சாவளி என்று காட்டக்கூடிய பெற்றோருக்கும் பதிவின் வழியே குடியுரிமை வேண்டும். அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவு பாட்டன் பாட்டிவரை பார்த்தது. 1955 சட்டம் இன்று உள்ளபடி பெற்றோரோடு நிறுத்திக்கொள்கிறது. பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஆதாரமாகக் கப்பல் சீட்டு, தோட்டப் பதிவேடு, கோயில், தேவாலயப் பதிவு, பங்காளி வாக்குமூலம் எல்லாவற்றையும் ஏற்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். யாருக்கும் கட்டாயம் கூடாது. இலங்கைக்கே திரும்ப விரும்புபவர்கள் உண்டு. 1964இல் செய்த தவறை, அதாவது கேட்காமல் பிரிப்பதை, நாம் திரும்பச் செய்யக் கூடாது.

மூன்றாவது, திரும்பியவர்களின் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ். 1950இல் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியோடு, அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்ற கேள்வியையும் அதிகாரி கேட்டாக வேண்டும்.

நான்காவது நமக்கே சொல்வது. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள், அங்கே பிறக்கும் குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பெற்றோரின் பள்ளிச் சான்று, பழைய குடும்ப அட்டை, மனை ஒப்படைச் சீட்டு எதையும் எறியாதீர்கள். சேரிக்கு ஆவணக் காப்பகம் இல்லை. ஒவ்வொரு வீட்டுத் தகரப் பெட்டியும்தான் நம் காப்பகம்.

ஆயாவின் தங்கை இறந்த பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தோம். குடும்ப அட்டை, மண்டபத்தில் தந்த சீட்டு, தோட்டத்துப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தன. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தாளை எப்போது யார் கேட்பார்கள் என்று தெரியாத ஒரு வாழ்க்கையில், எதையும் எறியக் கூடாது என்பது தெரிந்திருந்தது. பேத்தியின் கல்லூரிச் சேர்க்கை முடிந்தது அந்தப் பையிலிருந்து எடுத்த அட்டையால்தான்.

அந்தத் தங்கைக்கு இப்போது முப்பத்தேழு வயதுக்கு மேல். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பாட்டன் போன கடலுக்கு நான்காம் தலைமுறை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் வாக்களிக்க வேண்டும். அதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை இது.

 ஜெய்பீம்.